கல்கத்தாவில் சுரூபம் இறக்கியது

நான் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தவர்கள்.

சூசை அண்ணன், கட்டிலில். ரோசம்மா மைனி, கட்டில் காலில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. அவர்கள் மகன் ஜெரால்டு, ஹவுரா ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூட்டி வந்தவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கீழ்வீட்டு வங்காளி அம்மா, எனக்கு டீ கொண்டு வந்தவர். அவரை எல்லாரும் பௌதி என்கிறார்கள், பௌதி என்றால் அண்ணி, நம் மைனிதான். லூர்து சார், பங்குக் கோயிலில் உள்ள தமிழ் ஆட்களுக்குத் தலைவர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறகு நான், தொம்மை.

அண்ணனுக்கு வலது பக்கம் வராது. பக்கவாதம் வந்து மூன்று வருஷம். பேச்சு குழறும். என்னைப் பார்த்ததும், "வந்தியாலே" என்றார்.

"வந்துட்டேன்."

"கடல் எப்படி?"

"கிடக்கு."

அதற்கு மேல் லூர்து சார்தான் பேசினார். ரயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். ரயிலில் முட்டைச் சோறு, வேறு என்ன.

ஸ்டேஷனிலிருந்து வந்ததைச் சொல்ல வேண்டும். மஞ்சள் டாக்ஸி பிடித்தோம். ஹவுரா பாலத்தின் நடுவில் அது நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார், புகை வந்தது. பின்னால் பஸ்காரன் ஆரன் அடித்தான். போலீஸ்காரர் வந்து வண்டியின் மண்டையில் கம்பால் தட்டினார், மாட்டைத் தட்டுவது போல. நானும் ஜெரால்டும் தள்ளினோம். அந்தப் பாலத்தை எல்லாரும் போட்டோவில் பார்த்திருப்பார்கள். நான் முதலில் பார்த்தது தள்ளிக்கொண்டே.

பாலம் இறங்கியதும் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். சின்ன மண் கப்பில் தருகிறார்கள். குடித்துவிட்டு எறிந்து உடைத்துவிட வேண்டுமாம். எனக்கு எறிய மனசு வரவில்லை. கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன். ஜெரால்டு சிரித்தான்.

"சித்தப்பா, அதை யாரும் வச்சுக்க மாட்டாங்க."

"சுட்ட மண்ணுதானே. நல்லா இருக்கு" என்றேன்.

நான் போன காரியம் இது. மாசி மாதம் ஜெரால்டு போன் பண்ணினான். "அப்பாவால இனிமே ஊருக்கு வர முடியாது சித்தப்பா. ரெண்டு நாள் ட்ரெயின் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெரிய வெள்ளிக்கு ஆண்டவருக்குப் பாதமுத்தி செய்யணும்னு கேக்குறாரு. ஒரு தடவை. வேற எதையும் கேக்கல. அவரால அங்க வர முடியாதுன்னா, இங்கயே இறக்கிருவோம். நீங்க வந்து செஞ்சு குடுங்க."

எங்கள் கடற்கரைக் கோயிலில் பெரிய வெள்ளி சாயந்தரம் சுரூபம் இறக்குவோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தை, அதாவது சிலையை, உயரமான சிலுவையில் அறைந்து நிறுத்தியிருக்கும். சுரூபத்துக்குத் தோளில் மூட்டு உண்டு, கை மடங்கும். முதலில் முள்முடி. பிறகு கை ஆணிகள். கால் ஆணி கடைசி. நீளமான வெள்ளைத் துணியைக் கக்கத்தில் கொடுத்து, மெல்ல இறக்கி, ஆசந்தியில் கிடத்துவோம். ஆசந்தி என்பது சவம் தூக்குகிற கட்டில் மாதிரி. பிறகு சனங்கள் ஒவ்வொருவராக வந்து பாதத்தில் முத்தம் வைப்பார்கள், அதுதான் பாதமுத்தி.

இறக்குவது நாலு பேர். கல்கத்தா துறைமுகத்துக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் அந்த நாலில் ஒருவர். கால் பிடிக்கிறவர். அவர் போன பிறகு அந்த இடத்தில் நான் நின்றேன். எனக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அஞ்சாவது வரை படிப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த காரியம் என்று கேட்டால் இது ஒன்றுதான். அதனால் போனேன்.

செவ்வாய்க்கிழமை சுரூபத்தைப் பார்க்கப் போனோம். குமார்துலி என்று வடக்கே ஓர் இடம். பூஜைக்குச் சாமி சிலை செய்கிறவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். அங்கே ஒருவரிடம் ஜெரால்டு சொல்லி வைத்திருந்தான்.

மெட்ரோவில் போனோம். ஜெரால்டு ஏறிவிட்டான், நான் ஒரு வயசான அம்மாவுக்கு வழி விட்டேன், கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே அவன் வாய் அசைந்தது. கேட்கவில்லை. அடுத்த வண்டியில் ஏறினேன், அவன் அடுத்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான்.

"ஊர்ல எல்லாரும் ஏறின பெறகுதான் நான் வள்ளத்துல ஏறுவேன்" என்றேன்.

"மெட்ரோ வெயிட் பண்ணாது சித்தப்பா."

அந்தச் சந்துகளில் நடந்தது மறக்காது. இரண்டு பக்கமும் வைக்கோலில் கட்டிய உடம்புகள். தலை இல்லை, கை உண்டு. சிலதுக்குப் பத்துக் கை. ஒரு பலகையில் விரல்கள் மட்டும் வரிசையாகக் காய்ந்தன. மழைச் சகதி போல ஒரு வாசம்.

சிலை செய்தவர் பெயர் நிமாய். எல்லாரும் நிமாய் தா என்கிறார்கள், தா என்றால் அண்ணன். ஒல்லி, லுங்கி, காதில் பீடி. சுரூபத்தை ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார். வாசலில் நின்று பார்த்தபோது யாரோ ஆள் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். முகம் கொஞ்சம் வங்காளி முகம். கண் நீளம். ஆனால் நல்ல முகம். வேதனை தெரிந்தது.

தோள் மூட்டைப் பார்த்தேன். சாக்குத் துணியை உள்ளே வைத்துக் கட்டி, மேலே பூசியிருந்தார். கையைத் தூக்கினேன். மடக்கினேன். நன்றாக வந்தது. ஊர் இறக்கத்தை யாரோ போனில் எடுத்த வீடியோவை ஜெரால்டு அவருக்குக் காட்டியிருக்கிறான். அதைப் பார்த்தே செய்துவிட்டார். அந்த வீடியோ சுரூபம் கீழே வந்து சேர்வதோடு முடிந்துவிடும்.

நிமாய் தா கேட்டதை ஜெரால்டு தமிழில் சொன்னான்.

"உங்க ஊர்ல இது என்னத்துல செஞ்சதுன்னு கேக்குறாரு."

"மரம்."

"முடிஞ்ச பெறகு என்ன செய்வீங்களாம்?"

"எடுத்து வைப்போம்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"எங்க தாத்தாவுக்கு முந்தியே இருக்கு."

நிமாய் தா சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். "அப்ப உங்க ஊர்ல சிலை செய்றவன் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன போடுவான்னு கேக்குறாரு" என்றான் ஜெரால்டு. நானும் சிரித்தேன்.

புறப்படும்போது சுரூபத்தின் நெஞ்சில் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. டீக் கப்பு போலச் சுட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

புதன்கிழமை சின்ன லாரியில் கொண்டு வந்தோம். நிமாய் தா பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். பிறகு இன்னொரு தாள். பிறகு தார்ப்பாய். கயிறு போட்டுக் கட்டிய பிறகும் சுற்றி வந்து பார்த்தார். இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். புதுச் சாயம், அதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முகத்தை மட்டும் மூடவில்லை. ஒரு சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "எந்த டாகூர்?" என்று டிரைவரிடம் கேட்டார். டாகூர் என்றால் சாமி.

"யீசு டாகூர்" என்றார் டிரைவர்.

"இவருக்கு எப்போ பூஜை?"

"நாளை மறுநாள். இவர் மூணு நாள்தான் இருப்பார்."

அவர் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெரால்டு இதைச் சொன்னபோது டிரைவர் சொன்னது சரிதான் என்று பட்டது. மூன்றாம் நாள் உயிர்த்துவிடுவார்.

கரியாஹாட் தாண்டும்போது காற்றும் மழையும் வந்தன. அந்த மாதத்தில் சாயந்தரம் இப்படி வருமாம். கடைக்காரர்கள் சட்டைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஏறிச் சுரூபத்தின் முகத்தின் மேல் என் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். நிமாய் தா போன் பண்ணினார். நனைந்ததா என்று கேட்டார். இல்லை என்றான் ஜெரால்டு. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பண்ணினார்.

"ரொம்பத்தான் பயப்படுறாரு" என்றான்.

ஒரு சொட்டு படவில்லை. கோயிலில் இறக்கி வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாடு பௌதி வீட்டில். கடுகு அரைத்த மீன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் மூக்கில் ஏறுகிறது. ஆற்று மீன், உடம்பெல்லாம் மயிர் போல முள். எங்கள் ஆட்கள் ஆற்று மீனை மண்வாசம் என்று தொட மாட்டார்கள். நான் சாப்பிட்டேன். பௌதி பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்தார்.

"கடல் மீனில் என்ன இருக்கிறது, உப்பு" என்றார். மைனிதான் தமிழில் சொன்னாள்.

"ஆத்து மீன்ல என்ன இருக்கு, முள்ளு" என்றேன்.

மைனி அதையும் சொல்லிவிட்டாள். பௌதி இன்னொரு துண்டு போட்டார்.

வியாழக்கிழமை காலையில் லேக் மார்க்கெட் போனேன். அங்கே நம் ஆட்கள் கடை உண்டு. வாழை இலை, காப்பித்தூள், அப்பளம், எல்லாம் கிடைக்கிறது. வெள்ளைத் துணி எடுத்தேன். பன்னீர் கேட்டேன். கடைக்காரர் தமிழ்தான்.

"எத்தனை பாட்டில்?"

"இருக்கதெல்லாம் குடுங்க."

"கல்யாணமா?"

"இல்ல. துக்கம்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். "யாரு தவறிட்டாங்க?"

"ஆண்டவர்" என்றேன்.

ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஓ, நாளைக்குப் பெரிய வெள்ளில்ல" என்றார். பாட்டில்களைத் துடைத்துக் கொடுத்தார்.

பன்னீர் எதற்கென்றால், இறக்கிய பிறகு சுரூபத்தைக் குளிப்பாட்டுவோம். ஊரில் அது நாலு பேரில் கால் பிடிக்கிறவன் வேலை. மேலிருந்து ஊற்றி, பஞ்சால் துடைத்து, காயங்களுக்குப் பரிமளத் தைலம் தொட்டு வைப்போம். ஒவ்வொருவர் முத்தி செய்த பிறகும் ஈரத் துணியால் பாதத்தைத் துடைப்போம். எல்லாரும் முடித்ததும் வெள்ளைத் துணியால் மூடுவோம். மூடினால் அது கல்லறை. உயிர்ப்பு வரை திறக்க மாட்டோம்.

சாயந்தரப் பூசையில் பாதிரியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். அது முடிந்து சனங்கள் போன பிறகு ஒத்திகை பார்த்தோம். நான், ஜெரால்டு, அவன் கம்பெனியில் வேலை பார்க்கிற இரண்டு தமிழ் ஆட்கள். துணியை எப்படிக் கொடுப்பது, யார் முதலில் ஆணியை இளக்குவது, எல்லாம் சொன்னேன். ஒருவன் ஏணியில் ஒவ்வொரு படியாகப் பார்த்து ஏறினான். நல்லது, அவசரப்பட மாட்டான்.

ஜெரால்டு சொன்னான். "அப்பாவ முதல்ல விட்டுருவோம் சித்தப்பா. வீல்சேர்ல அவரால ரொம்ப நேரம் உக்கார முடியாது."

"ஊர்ல அப்படி வழக்கம் இல்ல. இறக்குறவன் வீடு கடைசி. எல்லாரும் முடிச்ச பெறகுதான் நாம."

லூர்து சார் பக்கத்தில் நின்றார். "இது கல்கத்தா, தொம்மை. கொஞ்சம் மாத்திக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"மாத்துறதுன்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீய?"

ஜெரால்டு ஏணியை மடக்கினான். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு நேரம்தான் சாப்பாடு. கஞ்சியும் பயறும் மைனி வைத்தாள். அண்ணனுக்கு நான் ஊட்டினேன். வாய் ஓரம் வழிந்ததைத் துடைத்தேன். மைனி அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி, முகம் வழித்து, தலை சீவினாள். அண்ணன் கண்ணாடி கேட்டார். பார்த்தார். "போதும்" என்றார்.

வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பௌதி முன்னால் போய்ப் படியில் கிடந்த செருப்புகளை ஒதுக்கினார். "மெதுவா, மெதுவா" என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே போனார். கீழே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து, "நாளைக்கு உன்னை இறக்குறது யாரு" என்றார். பாதி வாயால் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான்.

மூன்று மணிக்குப் பங்கு வழிபாடு. இங்கிலீசிலும் வங்காளியிலும் நடந்தது. புரியவில்லை, ஆனால் எந்த இடம் என்று தெரிந்தது. ஊரிலும் அன்று மணி அடிக்க மாட்டோம், இங்கேயும் அடிக்கவில்லை. வெளியே ஆட்டோக்காரர்கள் அடிக்கிற ஆரனுக்கு மட்டும் பெரிய வெள்ளி கிடையாது.

ஐந்து மணிக்குக் கோயிலை எங்களுக்கு விட்டார்கள். தமிழ் ஆட்கள் நூறு பேர் வந்தால் அதிகம் என்று லூர்து சார் சொல்லியிருந்தார். வங்காளிகளும் போகவில்லை. இந்திக்காரர்களும் இருந்தார்கள். கோயில் நிறைந்து வாசலில் நின்றார்கள். பாதிரியார் ஓர் ஓரத்தில் முழங்காலில் இருந்தார்.

இறக்கினோம். மைனிதான் ஒப்பாரி எடுத்தாள். நாற்பது வருஷம் கல்கத்தாவில் இருந்த குரல், இன்னும் கடற்கரைக் குரல்தான். முள்முடி வந்தது. வலது கை வந்தது, இடது கை வந்தது. கையை மடக்கியபோது மூட்டு சத்தமே போடவில்லை. நிமாய் தா நல்ல வேலைக்காரர். கால் ஆணியை நான் எடுத்தேன். பாரம் என் தோளில் இறங்கியது. மரத்தைவிடக் கனம்.

அப்போது அண்ணனைப் பார்த்தேன். பின்னால் தூணோரம் நாற்காலியில் இருந்தார். அவருடைய இடது கை மட்டும் மேலே எழும்பி, மெல்லக் கீழே வந்தது. பாரம் வாங்குகிற மாதிரி.

கிடத்தினோம். பன்னீரைத் திறந்தேன். நெஞ்சில் ஊற்றினேன், கையில் ஊற்றினேன், காலில் அதிகம் ஊற்றினேன். கோயில் முழுக்க மணத்தது. பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவந்து வந்தது. புதுச் சாயம் என்று நினைத்தேன். வேறு பஞ்சு எடுத்தேன். அது பழுப்பாக வந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். பின்னால் சனங்கள் வரிசை கட்டிவிட்டார்கள். மைனி பாடிக்கொண்டிருந்தாள்.

சனங்கள் வந்தார்கள். குனிந்து முத்தி செய்தார்கள். ஜெரால்டின் கூட்டாளி ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்தான், நான் சொல்லிக்கொடுத்தபடியே. துணி காய்ந்தால் பன்னீரில் நனைத்தான். அவன் மேல் குற்றம் இல்லை.

முதலில் சாயம் போனது. வலது கால் பெருவிரல் மழுங்கியது. நான் தலைமாட்டில் நின்றேன், எனக்கு அது தெரியவில்லை. ஒரு வங்காளிப் பெண் நிமிர்ந்தபோது உதட்டில் மண் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்தவர் குனிந்தார், நிமிர்ந்தார், கையைப் பார்த்தார். நான் கால்மாட்டுக்குப் போனேன். குதிகாலில் வைக்கோல் தெரிந்தது. வலது பாதம் கட்டிலில் சேறாக வழிந்து கிடந்தது.

நான் அந்தச் சேற்றைக் கையால் பிடித்து மறுபடியும் பாதமாக ஆக்கப் பார்த்தேன். அது என் கையோடு வந்தது.

பாதிரியார் எழுந்து வந்தார். பார்த்தார். கோபப்படவில்லை. வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினார், போதும் என்று. வெள்ளைத் துணியின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். மூடினோம்.

சனங்கள் முழங்காலில் இருந்து கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஜெரால்டு வாசலில் நின்று நிமாய் தாவுக்குப் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டான். அவர் குரல் எனக்கும் கேட்டது. அவன் பிறகு தமிழில் சொன்னான்.

"தண்ணி ஊத்துனீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். ஆத்துல கரைக்கிறதுக்கு முந்தியே ஏன் ஊத்துனீங்கன்னாரு."

"சுடலையா அது?"

"இங்க சாமியைச் சுட மாட்டாங்க சித்தப்பா. கரைக்கத்தானே செய்றாங்க. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்." போனைப் பாக்கெட்டில் போட்டான். "நீங்க குளிப்பாட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் ஊர்ல பெரிய வெள்ளி பாத்ததே இல்ல."

எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நாலு நாள் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தோம்.

உள்ளே அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். வெளியே தள்ளிப் போக யாரும் வரவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன். என் கையெல்லாம் மண்.

"அண்ணே. ஒரு பக்கமாத் துணியை ஒதுக்குறேன். வா."

"கால் இருக்காலே?"

"இடது கால் இருக்கு."

அவர் கட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியின் பிரேக்கை எடுத்தேன். அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மூடியாச்சுல்லா. திறக்கப்பிடாது."

"பாதிரியார்ட்ட நான் கேக்கேன்."

"அவருக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்லா."

ஊரில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிரேக்கைப் போட்டேன்.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். பௌதி வாசலில் நின்று மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "மண் சாமி போகத்தான் செய்யும். அழுதுகொண்டே அனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் வா என்று சொல்வோம்." மைனி தலையை ஆட்டினாள். அண்ணனுக்கும் வங்காளி தெரியும். கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலையில் பேச்சு வந்தது. வங்காளிகள் கங்கையில் விடலாம் என்றார்கள். மந்திரித்த சுரூபம், மண்ணில்தான் போக வேண்டும் என்றார் பாதிரியார். கோயில் மதில் ஓரத்தில் நான் குழி வெட்டினேன். அந்த மண் கறுப்பு, பசை மாதிரி ஒட்டும். எங்கள் ஊர்த் தேரிச் செம்மணல் வெட்ட வெட்டச் சரியும், இது அப்படியே நின்றது. துணியோடு இறக்கினோம். துணியைத் திறக்கவில்லை. இந்த முறை நான் கால்மாட்டில் நிற்கவில்லை, ஜெரால்டை நிற்கச் சொன்னேன்.

அண்ணன் வரவில்லை. கீழே தூக்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, முதுகு வலிக்கிறது என்றார். முதல் நாள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரே.

ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்பு. மைனி கறி வைத்தாள், பௌதி இனிப்பு கொடுத்துவிட்டார். லூர்து சார் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் மரத்துலயே செஞ்சிருவோம், சூசை. ஊர்லேருந்தே ஆசாரிய வரவழைப்போம்" என்றார்.

"செய்ங்க" என்றார் அண்ணன்.

செய்வோம் என்று சொல்லவில்லை. லூர்து சார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

திங்கட்கிழமை நான் புறப்பட்டேன். அண்ணன் இடது கையை நீட்டினார். பிடித்தேன். அவர் என் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பு மண் இருந்தது, எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. கட்டைவிரலால் அதைத் தடவினார். விட்டுவிட்டார்.

"கடலுக்குப் போறவங்கள்ட்ட எல்லாம் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

மைனி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஜெரால்டு ஹவுராவுக்கு வந்தான். பாலத்தில் டாக்ஸி நிற்கவில்லை. ரயில் பெட்டி வாசலில் என் பையைத் தந்துவிட்டு, "அப்பாவ முதல்ல விட்டிருக்கலாம் சித்தப்பா" என்றான். குத்திச் சொல்லவில்லை. அவனுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ஆமா என்றேன். வண்டி நகர்ந்தது.

ஒரிசா தாண்டும்போது போனில் படங்கள் வந்து விழுந்தன. பெரிய வெள்ளியன்று லூர்து சார் எடுத்தவை. சிலுவை, ஏணி, மைனி வாயைத் திறந்து பாடுவது. கடைசிப் படம் வரிசை. பாதிரியார் கையைக் காட்டுகிறார், நான் துணியைப் பிடித்திருக்கிறேன். வரிசை தூண் வரைக்கும் இல்லை, சுருங்கிவிட்டது. அண்ணன் நாற்காலியை யாரோ அதன் கடைசியில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். படத்தை விரலால் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன்.

ஆறு.